கரை மாறும் ஐராவதி

கப்பலின் முகப்பில் ஆளுக்கொரு மூங்கில் கழியோடு இரண்டு பேர் நிற்கிறார்கள். கழி நெடுக வண்ணப் பட்டைகள். தண்ணீரில் குத்துகிறார்கள், தரை தட்டியதும் எத்தனை பட்டை நனைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள், மேல்தளத்தில் சுக்கான் பிடிப்பவருக்குக் கேட்கும்படி ராகம் போட்டுக் குரல் கொடுக்கிறார்கள். ஐராவதியில் கோடைக்கு முந்தைய மாதங்களில் ஆழம் பார்க்கும் முறை இது. மணல்திட்டுகள் ஓரிடத்தில் இருப்பதில்லை. போன மாதம் கப்பல் போன தடத்தில் இந்த மாதம் வண்டி ஓட்டலாம். அதனால்தான் ஒவ்வொரு பகுதிக்கும் அந்தப் பகுதியின் தண்ணீர் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொள்கிறார்கள். அவர் எல்லை முடிந்ததும் படகில் இறங்கிப் போய்விடுவார், அடுத்தவர் ஏறுவார்.

பர்மாவின் வடகோடியில், கச்சின் மலைகளுக்குக் கீழே மாலி, என்மாய் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் தொடங்கி, சுமார் 2,170 கிலோமீட்டர் ஓடி அந்தமான் கடலில் சேர்கிறது ஐராவதி. அந்தக் கூடுதுறையில் சீன முதலீட்டில் ஒரு பெரிய அணை கட்டும் வேலை நடந்தது. ஜனங்கள் கொதித்தெழுந்ததால் 2011இல் அது நிறுத்தப்பட்டது. அரசாங்கங்களை எதிர்த்துப் பேசவே அஞ்சிய ஒரு நாட்டில், ஓர் ஆற்றுக்காக எல்லோரும் வாய் திறந்தார்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் மாண்டலே கரையில் ததும்பி நிற்கும் நீர், பனிக்காலத்தில் பல மீட்டர் இறங்கிவிடும். இறங்கிய இடமெல்லாம் வண்டல். வெள்ளம் வடிந்ததும் கரையோரத்து ஜனங்கள் அந்தத் திட்டுகளுக்குப் படகில் போய்க் கீற்றுக் குடிசை போடுகிறார்கள். நிலக்கடலை, வெங்காயம், புகையிலை, பயறு வகைகள் விதைக்கிறார்கள். அடுத்த வெள்ளத்துக்குள் அறுவடை முடித்து, குடிசையைப் பிரித்துக்கொண்டு திரும்ப வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் இருப்பவருக்கு அது பச்சைத் தீவு. அங்கே குனிந்து களை எடுப்பவருக்கு ஆறு மாதக் குடித்தனம். நடுப் பர்மாவின் இந்த வறண்ட பிரதேசத்தில்தான் துவரை விளைகிறது. தெற்கே, கழிமுகத்துப் பக்கம், நெல் அறுத்த வயலில் உளுந்து. 2021இல் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் பர்மாவிலிருந்து வாங்க ஒத்துக்கொண்டது. நம் ஊர் இட்லி மாவிலும் சாம்பாரிலும் இந்த நாட்டின் மண் இருக்கிறது.

கோவிட்டுக்கு முந்தைய ஒரு குளிர்காலத்தில் நான் மாண்டலேயிலிருந்து பகானுக்கு இந்த ஆற்று வழியில் போனேன். இயற்கைக் காட்சிக்காகவும் கோயில்களுக்காகவும் போகிறவர்களுக்கு இரண்டும் குறைவில்லாமல் கிடைக்கும். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இந்தக் கரைகளில் எதையும் நிலைத்திருக்கும் என்று நம்பிக் கட்டியதாகத் தெரியவில்லை. அரசர்கள் தலைநகரத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பூகம்பம் கோபுரத்தைத் தள்ளியது. ஆறு கரையைத் தின்றது. ஒவ்வொரு முறையும் ஜனங்கள் செங்கல் சுமந்து வந்து மறுபடி கட்டினார்கள். பர்மியர்களின் பௌத்தத்தைப் புரிந்துகொள்ள இது எனக்கு நல்ல வாசலாக இருந்தது.

பெயர்ந்து போகும் தலைநகரங்கள்

மாண்டலே பழைய ஊர் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏராளம். மின்டோன் மன்னர் 1857இல்தான் அதற்குக் கால்கோள் இட்டார். பக்கத்தில் அமரபுரத்தில் இருந்த அரண்மனையைக் கழற்றி, தேக்குத் தூண்களையும் பலகைகளையும் யானைகள் இழுக்கக் கொண்டுவந்து புது ஊரில் பூட்டினார்கள். முழுவதும் மரம் என்பதால் அது சாத்தியமாயிற்று. அந்த அரண்மனையில் மின்டோன் உயிர்விட்ட மண்டபம் ஆகாது என்று மகன் தீபோ அதைப் பிரித்து வெளியே ஒரு மடமாக நிறுத்தினார். 1945இல் குண்டு வீச்சின்போது அரண்மனை ஏறக்குறைய முழுவதும் எரிந்து சாம்பலானது. வெளியே தள்ளப்பட்ட அந்த ஒரு மண்டபம் மட்டும் ஷ்வேநந்தோ மடம் என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. உள்ளே போனால் கண்ணுக்கு எட்டும் இடமெல்லாம் செதுக்கல். ஒரு காலத்தில் பொன் பூசியிருந்த பலகைகளில் மிச்சப் பொன் அங்கங்கே மினுங்குகிறது.

மின்டோன் மரத்தை மட்டும் நம்பவில்லை. திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வெள்ளைக் கோயில் கட்டினார். குதோடோ வளாகம் அதுதான். 1885இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகு எழுத்துகளில் இருந்த பொன்னும் கோயில்களின் மணிகளும் சூறையாடப்பட்டன. பின்னால் ஜனங்கள் வசூல் செய்து பழுது பார்த்தார்கள். இன்று எழுத்துகள் கறுப்பு மையில் இருக்கின்றன. படிப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

ஆற்றில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் மேற்குக் கரையில் மிங்குன். உலகிலேயே பெரிய தூபி கட்ட வேண்டும் என்று 1790இல் போதோபயா மன்னர் தொடங்கினார். சுமார் 150 மீட்டர் உயரம் என்பது திட்டம். போர்க் கைதிகளையும் கூலியில்லாத ஆட்களையும் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கினார். அடித்தளம் 50 மீட்டர் எழும்பியதோடு நின்றுவிட்டது. 1839 பூகம்பத்தில் அதுவும் விண்டு போயிற்று. மேலிருந்து கீழ்வரை ஓடும் அந்த விரிசலைத்தான் கப்பலில் வருகிறவர்கள் முதலில் பார்க்கிறார்கள். எனக்கு அந்தச் செங்கல் மலை பிரமிப்பைத் தரவில்லை, வருத்தத்தைத்தான் தந்தது. எத்தனை பேர் முதுகு ஒடிந்திருக்கும்!

அதே மன்னர் 1808இல் வார்த்த மணி பக்கத்தில் இருக்கிறது. பர்மிய வீசைக் கணக்கில் 55,555. நம் கணக்கில் சுமார் 90 டன். பூகம்பத்தில் தாங்கிகள் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்ட அந்த மணியை 1896இல் மறுபடி தூக்கிக் கட்டியது ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் நிறுவனம். இன்று யார் வேண்டுமானாலும் மரக்கட்டையை எடுத்து அடிக்கலாம். குனிந்து மணிக்குள் போய் நின்று, வெளியே ஒருவரை அடிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஓசை காதில் விழுவதற்கு முன் மார்பில் இறங்கும்.

மிங்குனுக்கு வடக்கே ஆற்றின் ஒரு நீளம் ஐராவதி ஓங்கில்களுக்கான காப்பகம். அங்கே மீனவர்கள் படகு விளிம்பில் சிறு கட்டையால் தட்டினால் ஓங்கில்கள் மீன் கூட்டத்தை வலைப் பக்கம் ஓட்டி வருகின்றன. சிதறும் மீன்களை அவை எடுத்துக்கொள்கின்றன. தலைமுறை தலைமுறையாக நடக்கும் இந்தக் கூட்டுத் தொழிலை மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும் கும்பல்கள் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆற்றில் மிஞ்சியிருக்கும் ஓங்கில்கள் நூறுகூட இல்லை.

மாண்டலேக்குத் தெற்கே ஆறு மேற்காக வளையும் இடத்தில் மூன்று பழைய தலைநகரங்கள் நெருங்கி நிற்கின்றன. கிழக்கே அமரபுரம், தென்கரையில் இன்வா, எதிர்க்கரையில் சகைங். இன்வா கைவிடப்பட்டபோது மிச்சமான அரண்மனைத் தேக்கை வைத்து, அமரபுரத்து ஏரியின் மேல் ஒன்றேகால் கிலோமீட்டர் நீளத்துக்கு 1850 வாக்கில் போட்ட நடைபாலம்தான் ஊ பெயின் பாலம். ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள். மாலை வெயிலில் படம் எடுக்க வருகிறவர்கள் கூட்டத்துக்கு நடுவே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிட்சுகளும், கூடை தூக்கிய பெண்களும் வீடு திரும்புகிறார்கள். அரசனின் தூண்கள் மேல் ஜனங்கள் நடக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தனித் திருப்தி.

அதே ஊரில் ஒரு பெரிய மடத்தில் பிட்சுகளின் காலைச் சாப்பாட்டு வரிசை ஒரு காட்சிப் பொருளாகிவிட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் பிட்சுகள் பாத்திரத்தோடு வரிசையில் வர, இரு பக்கமும் சுற்றுலாப் பயணிகள் முகத்துக்கு அருகே கேமராவை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு உணவு தொடாத துறவிகளின் கடைசி வேளை அது. பதினைந்து வயதுச் சாமணேரர் (பயிற்சித் துறவி) ஒருவர் தலை நிமிராமல் நடந்துபோனார். பயண நிறுவனங்கள் இந்த நிறுத்தத்தை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

சகைங் மலைக்குப் போனதும் மனம் ஆறிவிட்டது. நூற்றுக்கணக்கான மடங்களும் பெண் துறவிகளின் இல்லங்களும் மலை முழுக்கப் பரவியிருந்தன. இளஞ்சிவப்பு உடையில் சிறுமிகள் பாலி மொழிச் சூத்திரங்களை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்யும் சத்தம் படிக்கட்டுகளில் கேட்டுக்கொண்டே வந்தது.

மதராஸ் பட்டாளம் வந்த வழி

இன்வாவிலிருந்து கீழே வந்தால் யாண்டபோ. சின்ன ஊர். ஊரே பானை செய்கிறது. ஆற்றங்கரைக் களிமண்ணில் மணல் கலந்து மிதித்து, சக்கரத்தில் வாய் திருப்பி, உள்ளே ஒரு கையில் கல்லும் வெளியே மறு கையில் மரத்தட்டியும் வைத்துத் தட்டித் தட்டி வயிறு பெருக்குகிறார்கள். பெரும்பாலும் பெண்கள் வேலை. காய்ந்த பானைகளை வைக்கோலும் விறகும் இடையிட்டு மலைபோல அடுக்கி, மேலே சாம்பல் மூடிச் சுடுகிறார்கள். சூளைக்கென்று சுவர் கிடையாது. சுட்ட பானைகள் படகில் ஏறி ஆற்றின் இரு திசையிலும் போகின்றன. பர்மாவில் எந்த மரத்தடியிலும் சிறு மேடையில் மூடி போட்ட இரண்டு பானைகளும் ஒரு குவளையும் பார்க்கலாம். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் மாதிரி, ஆனால் ஆண்டு முழுக்க.

இந்த ஊரில்தான் 1826 பிப்ரவரி 24 அன்று முதல் ஆங்கிலேய–பர்மியப் போரை முடித்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அசாம், மணிப்பூர், அரக்கான், தெனாசெரிம் ஆகியவற்றின் மேலிருந்த உரிமையைப் பர்மிய அரசு விட்டுக்கொடுத்தது. ஒரு கோடி ரூபாய் இழப்பீடும் ஒப்புக்கொண்டது. கையெழுத்து இடப்பட்ட இடத்தில் ஊர்க்காரர்கள் காட்டுவதற்குச் சின்ன நினைவுக் குறி ஒன்று இருக்கிறது. கப்பலில் வந்த ஐரோப்பியர்களுக்கு அது தங்கள் சரித்திரம். எனக்கோ அது என் ஊர்க்காரர்களின் சரித்திரமாகவும் பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் போருக்கு அனுப்பிய சிப்பாய்களில் பெரும் பகுதி மதராஸ் படையைச் சேர்ந்தது. போருக்குப் புறப்பட மறுத்த வங்கச் சிப்பாய்களைப் பாரக்பூரில் சுட்டார்கள். மதராஸ் சிப்பாய்கள் கப்பல் ஏறினார்கள். ரங்கூனில் மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டு காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள், சண்டையில் செத்தவர்களைவிட மிக அதிகம். தமிழும் தெலுங்கும் பேசிய அந்தக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

1885இல் மறுபடி இதே வழி. பர்மிய அரசு ஓர் ஆங்கிலேயத் தேக்கு நிறுவனத்துக்கு 23 லட்ச ரூபாய் அபராதம் போட்டதைச் சாக்காக வைத்து, தயெட்மியோவில் திரண்ட படை நீராவிக் கப்பல்களில் ஏறி வந்தது. கப்பல்கள் அந்த ஃப்ளோட்டில்லா கம்பெனியுடையவை. மதராஸ் காலாட்படைகள் அதிலும் இருந்தன. மின்ஹ்லா கோட்டையில் ஒரு நாள் சண்டை. மற்றபடி இரண்டு வாரத்தில் மாண்டலே விழுந்தது. தீபோ மன்னரையும் ராணி சுபயாலத்தையும் அரண்மனையிலிருந்து ஆற்றங்கரைக்கு அழைத்துவந்து கப்பலில் ஏற்றினார்கள். ஜனங்கள் தெருவில் விழுந்து அழுதார்கள். ரங்கூன் வழியாக அவர்களைக் கொண்டுபோன இடம் முதலில் மதராஸ்; சில மாதங்களுக்குப் பிறகு ரத்தினகிரி. 1916இல் அங்கேயே அவர் இறந்தார்.

1920களில் ஃப்ளோட்டில்லா கம்பெனியிடம் சுமார் 600 கலங்கள் ஓடின. நெல், தேக்கு, எண்ணெய், கூலிகள், பட்டாளம் எல்லாம் ஐராவதியில்தான். 1942இல் ஜப்பானியர் நெருங்கியபோது கையில் படக்கூடாது என்று தங்கள் கப்பல்களைத் தாங்களே ஓட்டை போட்டு ஆற்றில் மூழ்கடித்தார்கள். 1990களில் தொடங்கிய சுற்றுலாக் கப்பல்கள் அந்தக் காலத் தோற்றத்தையே விற்றன: தேக்குப் பலகை, பித்தளைக் கைப்பிடி, வெள்ளைச் சட்டைப் பணியாள். எனக்கு அது உவக்கவில்லை. கப்பலில் அழகுக்கு மாட்டியிருந்த பழைய புகைப்படங்களில் எஜமானர்கள் மட்டும் இருந்தார்கள். நெருப்புக் குழியில் கரி தள்ளிய சிட்டகாங் தொழிலாளி ஒருவர்கூட இல்லை.

பகான்

சின்ட்வின் ஆறு வந்து சேரும் இடத்தைத் தாண்டி, மேற்குக் கரையில் பகோக்கு. 2007 செப்டம்பரில் விலைவாசி உயர்வை எதிர்த்து ஊர்வலம் போன பிட்சுகளை இந்த ஊரில்தான் இராணுவம் அடித்தது. மன்னிப்புக் கேட்காத ஆட்சியாளர்களிடம் பிட்சை வாங்குவதில்லை என்று பிட்சுகள் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். தானம் கொடுத்துப் புண்ணியம் தேடும் வழியை அடைத்துவிடுவது பௌத்தத்தில் ஆகக் கடுமையான தண்டனை. நாடு முழுவதும் அந்தக் காவி ஊர்வலங்கள் பரவின.

அங்கிருந்து சிறிது தூரம்தான் பகான். கரையோரத்தில் சுரைக்காய் வடிவத்தில் பூபயா என்ற சிறிய பொன்னிறத் தூபி தெரியும். 1975 பூகம்பத்தில் அது உடைந்து ஆற்றுக்குள் சரிந்துவிட்டது. இப்போது நிற்பது மறுபடி கட்டியது. பழைய நகர மதிலின் மேற்குப் பகுதியையும் ஆறு எப்போதோ அரித்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய சமவெளியில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கோயில்கள், தூபிகள், மடங்கள். 1044இல் அனவ்ரதா அரியணை ஏறியது முதல் மங்கோலியர் வரவு வரை, இருநூற்று ஐம்பது ஆண்டுகளில் எழுந்தவை பெரும்பாலானவை. அரசர்கள் மட்டுமல்ல, அதிகாரிகளும் வணிகர்களும் பெண்களும் கட்டியிருக்கிறார்கள். கட்டுவதே புண்ணியம். அதனால்தான் இடிந்ததைப் போற்றிப் பாதுகாப்பதைவிடப் புதிதாக எழுப்புவதில் அவர்களுக்கு ஆர்வம்.

இந்த ஆர்வம் தொல்லியலாளர்களுக்குத் தலைவலி. 1990களில் இராணுவ அரசு நன்கொடை வசூலித்து, அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருந்த நூற்றுக்கணக்கான கோயில்களைப் புதுச் செங்கல்லில் எழுப்பியது. மேல்பகுதி எப்படி இருந்தது என்பதற்குச் சான்றே இல்லாமல் ஒரே அச்சில் கோபுரம் வைத்தார்கள். கூடவே ஒரு கோல்ஃப் மைதானமும் பார்வைக் கோபுரமும். யுனெஸ்கோ பட்டியலில் பகான் சேர 2019 ஆயிற்று. 2016 பூகம்பத்தில் சுமார் 400 கட்டடங்கள் பழுதானபோது வேலை இன்னும் நிதானமாக, ஆவணப்படுத்தி நடந்தது. ஆனந்தா கோயிலைப் புதுப்பித்ததில் இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு. 1105 வாக்கில் கியான்சித்தா மன்னர் கட்டிய கோயில் அது. நான்கு திசையிலும் ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமான நின்ற புத்தர்கள். ஒரு சிலையின் முகத்தை அருகில் பார்த்தால் தீவிரம், விலகி வரவரப் புன்னகை. கட்டியவர்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்க வேண்டும்.

நான் இரு தரப்புக்கும் இடையில் நிற்கிறேன். ஓவியச் சுவர்மேல் சுண்ணாம்பு அடிக்கிறவரைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் தாத்தா காலத்திலிருந்து விளக்கேற்றும் கோயிலை வெறும் சின்னமாகப் பூட்டி வைக்கவும் கூடாது. இங்கே மனிதர்களை அப்படி வெளியேற்றிய கதையும் இருக்கிறது. பழைய பகானுக்குள் வாழ்ந்த குடும்பங்களை 1990இல் ஒரே மூச்சில் கிளப்பி, தெற்கே பொட்டல் நிலத்தில் குடியேற்றினார்கள். இன்று புதிய பகான் என்று வரைபடத்தில் இருப்பது அந்த ஊர்.

மதிலுக்குத் தெற்கே மியின்கபா கிராமம். இங்கே 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்ற வணிகர், பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் எடுத்து, கதவு போட்டு, எரிவிளக்கும் வைத்ததைச் சொல்கிறது. பெயரிலேயே பல தேசத்து வணிகர்கள் கட்டிய பெருமாள் கோயில் என்று தெரிகிறது. மதிலுக்குள் நத்லாங் சாங் என்ற விஷ்ணு கோயில் இன்றும் நிற்கிறது. படையெடுப்புகளைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு, ஊர்விட்டு ஊர் வந்து விளக்குக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போன இந்த வணிகரைப் பற்றிப் பேசுவதில்லை.

அதே கிராமம் இப்போது அரக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. மூங்கில் இழைகளால், உயர்ந்த ரகமானால் குதிரை மயிரும் சேர்த்து, கிண்ணம் முடைகிறார்கள். காட்டு மரமொன்றின் கறுத்த பாலைப் பூசி, நிலவறையில் ஈரக் காற்றில் நாள்கணக்கில் உலர்த்தி, தேய்த்து, மறுபடி பூசுகிறார்கள். நல்ல பாத்திரம் ஒன்றுக்குப் பல மாதம் பிடிக்கும். கடைசியில் ஊசியால் கீறி நிறம் ஏற்றுவது பெண்களின் கை. குதிரை மயிர்க் கிண்ணத்தின் விளிம்பை விரலால் அழுத்தினால் இரு பக்கமும் தொட்டுக்கொண்டு மறுபடி விரியும்.

பகானுக்குக் கீழே சாலேயில் மரச்செதுக்கல் மடமும், யெனாங்யாவுங்கில் ஒரு காலத்தில் கையால் தோண்டிய எண்ணெய்க் கிணறுகளும் உண்டு. பெரும்பாலான பயணங்கள் பகானோடு முடிந்துவிடும்.

இப்போது போகலாமா?

கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வேண்டாம். 2021 பிப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பிறகு ஐராவதியின் இந்த நடுப்பகுதிதான் எதிர்ப்பின் மையம். சகைங், மக்வே மாகாணங்களில் இராணுவம் கிராமம் கிராமமாக எரித்திருக்கிறது. 2023 ஏப்ரலில் சகைங் மாகாணத்துப் பசிஜி கிராமத்தில் கூடியிருந்தவர்கள் மேல் விமானம் குண்டு போட்டதில் நூற்றைம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். நாடு முழுக்க முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு இழந்து அலைகிறார்கள். அவர்களுக்கு நடுவே மேல்தளத்தில் தேநீர் குடித்துக்கொண்டு போவது சரியாகாது.

இதற்குமேல் 2025 மார்ச் 28. வெள்ளிக்கிழமை நண்பகல், 7.7 அளவில் பூகம்பம். மையம் மாண்டலேக்கும் சகைங்குக்கும் அருகில். ரமலானின் கடைசி வெள்ளித் தொழுகைக்குக் கூடியவர்கள் மேல் மசூதிகள் விழுந்தன, மடங்களும் விழுந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்வாவையும் சகைங்கையும் இணைக்க 1934இல் கட்டிய ஆவா பாலம் ஆற்றில் சரிந்தது. இன்வாவில் ராணி மே நு கட்டிய செங்கல் மடம் பெரும்பகுதி இடிந்து குவிந்தது.

அந்த மடம் இடிவது இது முதல் முறை அல்ல. 1839 பூகம்பத்தில் சேதமாகி, 1873இல் மே நுவின் மகள்தான் அதைப் புதுப்பித்தார். ஆவா பாலத்தின் இரண்டு கண்களை 1942இல் பின்வாங்கிய ஆங்கிலேயர் தகர்த்தார்கள். சுதந்திர பர்மா 1954இல் திரும்பக் கட்டியது. இம்முறையும் கட்டுவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் செங்கல் சுமக்கும் வயதுள்ள இளைஞர்கள் அந்தக் கரைகளில் குறைந்துகொண்டே போகிறார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கினார்கள். 18 முதல் 35 வயது வரை ஆண்கள் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். பிடித்துக்கொண்டு போகிறார்களே என்று சிலர் காட்டுக்குள் போய் எதிர்ப்புப் படைகளில் சேர்ந்தார்கள். மற்றும் பலர் எல்லை தாண்டித் தாய்லாந்தில் கூலி வேலை செய்கிறார்கள். அவர்கள் அஞ்சாமல் ஊர் திரும்பும் வரை, இன்வாவில் அந்தச் செங்கலை எடுத்து அடுக்க முதியவர்களும் பெண்களும் பிட்சுகளும்தான் இருக்கிறார்கள்.